சசோல் பங்குகளை விற்றுவிடலாமா?

கேள்வி: காலமான என் கணவர் டர்பன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர். அவர் வாங்கிவைத்த சசோல் எரிபொருள் கம்பெனிப் பங்குகள்தான் என் சேமிப்பில் முக்கால்வாசி. எண்ணெய்க் கம்பெனிகள் பசுமை எரிசக்திக்கு மாறுகின்றன, பொறுத்திருந்தால் விலை ஏறும் என்கிறான் மகன். எனக்கு வயது 64. என்ன செய்யட்டும்? – வாசகி, மியர்பேங்க்.

பதில்: அம்மா, முக்கால்வாசி என்று படித்ததுமே எனக்குப் பகீரென்றது. 2020 மார்ச் 9 அன்று, சவூதியும் ரஷ்யாவும் எண்ணெய் விலைப்போரில் இறங்கியபோது, சசோல் பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட பாதி மதிப்பை இழந்தது. அப்படி ஒரு நாளை உங்கள் வயதில் தாங்க முடியாது.

மகன் சொல்வதற்கு வருகிறேன். கம்பெனி என்ன அறிவிக்கிறது என்பதைவிட, வருடாவருடம் பணத்தை எதில் போடுகிறது என்றுதான் நான் பார்ப்பேன். பிரிட்டனின் பிபி எண்ணெய்க் கம்பெனி 2020இல், பத்து ஆண்டுகளில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40% குறைப்பதாகச் சொன்னது. 2023இல் அது 25% ஆனது. 2025இல் அதையும் கைவிட்டு எண்ணெய், எரிவாயுவில் முதலீட்டைக் கூட்டியது. உங்கள் பக்கத்திலேயே இருக்கும் சாப்ரெஃப் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை பிபியும் ஷெல்லும் 2022இல் நிறுத்தின. 2024இல் அரசு நிறுவனத்துக்கு ஒரு ராண்டுக்குக் கைமாறியது. பழைய ஆலையைத் தள்ளிவிட்டு விலகுவதும் இவர்கள் அகராதியில் ‘மாற்றம்’தான். நிஜமாகவே மாறிய டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 2017இல் எண்ணெய்த் தொழிலை விற்றுவிட்டுக் காற்றாலைக்குப் போனது. அதன் பங்கும் 2021க்குப் பிறகு பலத்த அடி வாங்கியது.

சசோலின் பாடு இன்னும் கஷ்டம். செகுண்டா ஆலையில் நிலக்கரியை வாயுவாக்கித்தான் பெட்ரோலும் டீசலும் எடுக்கிறார்கள். அதனால் கார்பன் உமிழ்வு மிக அதிகம். 2030க்குள் 30% குறைப்பது இலக்கு. நிலக்கரிக்குப் பதில் எரிவாயு என்றார்கள். மொசாம்பிக் வயல்களிலோ வாயு வற்றிக்கொண்டு வருகிறது. காற்றாலை, சூரிய மின்சாரம் வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் இங்கே தென் ஆப்பிரிக்காவில் 2019இலிருந்து, அந்த உமிழ்வுக்குக் கட்டவேண்டிய கார்பன் வரியும் இருக்கிறது. அந்தச் செலவெல்லாம் போக உங்களுக்கு டிவிடென்ட் வருமா என்பதுதான் என் கவலை.

எல்லாவற்றையும் விற்க வேண்டாம். சசோல் பங்குகளில் பத்தில் ஒரு பகுதி போல வைத்துக்கொள்ளுங்கள். மற்றதில் பாதியைப் பிப்ரவரி கடைசிக்குள்ளும், மீதியை மார்ச்சிலும் விற்றால் இரண்டு வரி ஆண்டுகளின் மூலதன ஆதாய விலக்கு, அதாவது விற்ற லாபத்தில் வருடாவருடம் வரி போடாமல் விடும் தொகை, கிடைக்கும். வந்த பணத்தில் ஒரு பகுதியை அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். 60 தாண்டியவர்கள் வட்டியை மாதாமாதம் வாங்கலாம்.

அப்புறம் ஒன்று. கணவர் வாங்கிய விலைதான் வரிக்கணக்கில் உங்கள் வாங்கிய விலையும். அலமாரியில் அவருடைய பழைய புரோக்கர் ரசீதுகள் இருந்தால் எடுத்து வையுங்கள். 2001 அக்டோபருக்கு முன் வாங்கியவை இருந்தால் அவற்றின் ரசீதுகளைத் தனியாகக் கட்டி வையுங்கள், அவற்றுக்குக் கணக்கு வேறு.