சைபர் கிரைம் போலீஸ் வேலைக்குப் போனால் வீட்டுக் கடன் தவணை தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 34. பதினோரு வருடமாக சர்வர், நெட்வொர்க் நிர்வாகத்தில் இருக்கிறேன். சைபர் குற்றப் புலனாய்வுக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கையில் வரும் சம்பளத்தை 100 என்று வைத்தால், வீட்டுக் கடனுக்கு 28, குடும்பச் செலவுக்கு 40, கார் கடனுக்கு 7, கிரெடிட் கார்டு பாக்கிக்கு 5, முதலீட்டுக்கு 12 போகிறது. மீதி 8 எங்கே போகிறதென்று தெரியவில்லை. மனைவியின் வருமானம் 20. அது மகள் படிப்புக்குத் தனியாகச் சேர்கிறது. கார்டில் 60, காரில் 150 பாக்கி. கொஞ்சம் கிரிப்டோவும் உண்டு. எட்டு மாதத்தில் கம்பெனிப் பங்குகளில் ஒரு பகுதி என் பெயருக்கு வரும். புதிய வேலையில் 62தான் கைக்கு வரும். டிஜிட்டல் தடயவியலில் முதுகலை படிக்கக் கடன் வாங்கலாமா? வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகத் தயாராகலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். காவல் துறை, புலனாய்வு அமைப்புகளில் ஆள் எடுக்கும் வேகம் ஐடி கம்பெனி வேகம் இல்லை. எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, மருத்துவம், பின்னணி விசாரணை என்று பல மாதங்கள் இழுக்கும். ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்த ஒரு வருடத்தைச் சேமிப்பில் உட்கார்ந்து கழிப்பதற்கும் சம்பளம் வாங்கிக்கொண்டே கழிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் திட்டத்தின் உயிர்.

கணக்குக்கு வருவோம். முதலீட்டையும் அந்தக் காணாமல் போகும் 8ஐயும் நிறுத்திவிட்டால் உங்கள் கட்டாயச் செலவு 80. புதிய சம்பளம் 62, மனைவியின் 20, மொத்தம் 82. மீதி 2. ஒரு பல் வைத்தியத்துக்குக் கூட அது காணாது. கார் கடனும் கார்டும் ஒழிந்துவிட்டால் செலவு 68, மிச்சம் 14. மகள் படிப்புக்குச் சேர்ப்பதை அப்புறம் அதிலிருந்து சிறிய அளவில் மறுபடி தொடங்கலாம். சம்பளக் குறைவைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறீர்கள். எனக்குப் பயம் தருவது அந்த இரண்டு கடன்கள்.

அதனால் அடுத்த சம்பள நாளிலிருந்தே புதிய சம்பளத்தில் வாழ ஆரம்பியுங்கள். சம்பளம் விழுந்த அன்றே 38ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதி 62, மனைவியின் 20 ஆகியவற்றில் குடும்பம் நடக்கிறதா என்று பாருங்கள். அந்த 38இல் முதல் இரண்டு மாதம் கார்டு பாக்கியை அடையுங்கள். வட்டி அதற்குத்தான் அதிகம். அடுத்த மூன்று, நான்கு மாதத்தில் கார் கடன் முடியும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு மாதம் 50 வரை ஒதுங்கும். ஆறு மாதம் சேர்ந்தால் 300. சம்பளமே இல்லாமல் போனாலும் மனைவியின் 20 போக உங்களுக்கு மாதம் 48தான் தேவை என்பதால், அது ஆறு மாதம் தாங்கும். ஆக மொத்தம் ஒரு வருடம். ஆள் எடுக்கும் வேலைக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். விண்ணப்பத்தையும் இந்தச் சிக்கனத்தையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள்.

"முதலில் கடனை அடைத்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கிறேன்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் வயதில் அது ஆபத்து. சீருடைப் பதவிகள் பலவற்றுக்கு வயது வரம்பு உண்டு. அமெரிக்காவின் எஃப்பிஐயில் சிறப்பு ஏஜென்ட் ஆக 37 வயது நிறையுமுன் நியமனம் ஆக வேண்டும். காரணம் ஓய்வூதியக் கணக்குதான்: அங்கே இந்தப் பணியில் 57 வயதில் கட்டாய ஓய்வு, முழு ஓய்வூதியத்துக்கு 20 வருடப் பணி. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம். அறிவிப்பில் வயதை எந்தத் தேதிக்குக் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

வரம்பு தாண்டிவிட்டாலும் கதவு மூடாது. புலனாய்வு அமைப்புகள் தடயவியல் ஆய்வாளர், தரவு ஆய்வாளர் போன்ற பணிகளுக்குச் சீருடை இல்லாத சிவில் ஊழியர்களையும் எடுக்கின்றன. துப்பாக்கி, ஓட்டப் பரிசோதனை எல்லாம் அங்கே பொதுவாக இல்லை. கைது செய்யும் அதிகாரமும் இல்லை. பதினோரு வருடம் சர்வரோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் உங்கள் ஆசை எதில் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று பாருங்கள்: சிவில் பணியின் ஓய்வூதிய விதி சீருடைப் பணிக்கு உள்ளதைவிட வேறாக இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

படிப்புக் கடன் வேண்டாம். விளம்பரத்தில் முதுகலை கட்டாயம் என்று இருந்தால் பேச்சு வேறு. இல்லையென்றால், இந்தத் துறையின் விலை உயர்ந்த சான்றிதழ்களுக்கு வேலையில் சேர்ந்த பிறகு அமைப்பே பணம் கட்டி அனுப்புவது சகஜம். அப்படி அனுப்பினால் இத்தனை வருடம் விலகக் கூடாது என்று ஒப்பந்தம் போடுவார்களா என்று கேட்டு வையுங்கள். பழகுவதற்கு ஆட்டாப்சி, வாலட்டிலிட்டி போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் பயிற்சிக்கென்றே வட்டு நகல்களை இலவசமாக வைத்திருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, ஹாஷ் மதிப்பை (நகல் ஒரு பிட் கூட மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) குறித்து, எந்த நிமிடத்தில் என்ன செய்தீர்கள் என்று வரிவரியாக எழுதி, நீதிபதிக்குப் புரியும் மொழியில் அறிக்கை தயாரித்துப் பாருங்கள். வேலையின் பெரும்பகுதி இந்த எழுத்துதான். பறிமுதல் செய்த வட்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் குறுக்கு விசாரணையில் வழக்கே ஆட்டம் காணும். அது அலுப்பூட்டுகிறது என்றால் இப்போதே தெரிந்துகொள்வது மலிவு. பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை நிபுணர்களைச் சம்பளமில்லாப் பகுதிநேரச் சிறப்பு அதிகாரிகளாகச் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஏதும் இருந்தால், சம்பளத்தை இழக்காமல் உள்ளே எட்டிப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

உங்கள் கடன்களை நான் இவ்வளவு குறிவைப்பதற்கு இன்னொரு காரணம் பின்னணி விசாரணை. கடன் நெருக்கடியில் இருப்பவரை விலைக்கு வாங்குவது சுலபம் என்பது இந்த அமைப்புகளின் கணக்கு. தவணை தவறியது, வரி பாக்கி, விளக்க முடியாத பணம் எல்லாவற்றையும் கிளறுவார்கள். அரசு உத்தரவாதமுள்ள கல்விக் கடனைக் கட்டாமல் விட்டவரை எஃப்பிஐ எடுப்பதே இல்லை. உங்களுக்குத் தவணை தவறியதில்லை என்றால் கவலை இல்லை. ஆனாலும் கார்டு பாக்கி பூஜ்யமாக இருக்கும் அறிக்கையோடு நேர்காணலுக்குப் போவது தனி தெம்பு.

கிரிப்டோவைப் பற்றிச் சும்மா போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஒளிக்காதீர்கள். பிட்காயினில் போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு என்ற ரகசிய இணையச் சந்தை பற்றிய வழக்கை விசாரித்த குழுவிலிருந்த அமெரிக்க அதிகாரிகள் இருவரே பிட்காயினைச் சுருட்டி, 2015இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் யாரையும் வாய்மொழியாக நம்பப் போவதில்லை. எப்போது, எந்தத் தளத்தில், எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எந்த வாலட்டில் இருக்கிறது, வரி கட்டியாகிவிட்டதா என்று ஒரு தாளில் தொகுத்து வையுங்கள். ஆதாரம் காட்ட முடியாத பழைய பரிமாற்றங்கள் இருந்தால் இப்போதே தளத்திலிருந்து பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரி பார்த்துவிட்டு அதை விற்று, கார் கடனில் போட்டுவிடுவேன்.

பங்குகளைப் பொறுத்தவரை, பணியில் சேரும் தேதியை அந்த எட்டாவது மாதத்துக்குப் பின்னால் தள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். வயது வரம்பு திரும்பி வராது.

காப்பீட்டையும் மறக்க வேண்டாம். கம்பெனி தரும் குழு மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் நீங்கள் விலகும் நாளோடு பெரும்பாலும் போய்விடும். சொந்தமாக டேர்ம் பாலிசி இல்லையென்றால் இப்போதே எடுங்கள். தொழில் மாற்றம் பற்றிப் படிவத்தில் கேள்வி இருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் பின்னாளில் குடும்பம்தான் கோர்ட்டுக்கு அலையும். குழந்தைகள் மீதான வன்முறைப் படங்களை நாள்தோறும் பார்த்து வகைப்படுத்தும் பிரிவுகளும் இந்த வேலையில் உண்டு என்பதால், மனநல சிகிச்சைக்குக் காப்பீடு உண்டா, துறையே ஆலோசகரை வைத்திருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"ஐந்து வருடம் இருந்துவிட்டு வங்கி மோசடித் தடுப்புப் பிரிவுக்கு நல்ல சம்பளத்தில் போகலாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். போகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். 62இல் குடும்பம் ஓடினால் போங்கள், ஓடாவிட்டால் சிவில் பணி அறிவிப்பு வரும்வரை பொறுங்கள்.

ராஜினாமா கடிதம் பற்றி ஒரு வார்த்தை. பின்னணி விசாரணைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்ட தற்காலிகத் தேர்வுக் கடிதம் வந்ததும் பலர் உற்சாகத்தில் வேலையை விட்டுவிடுகிறார்கள். சேரும் தேதி போட்ட இறுதி நியமன உத்தரவு கைக்கு வரட்டும். பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா, உதவித்தொகையா என்பதையும் அதில் பார்த்துவிட்டு நோட்டீஸ் கொடுங்கள்.