குளவி கொட்டி இரண்டு நாளான பின்பும் வீக்கம் பெருகுவது ஏன்?

நேற்று முன்தினம் புறங்கையில் குளவி கொட்டியது, இன்று வீக்கம் முழங்கை வரை ஏறியிருக்கிறது, சீழ் பிடித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீக்கத்தின் அளவைவிட அது தொடங்கிய நேரமே காரணத்தைத் தெளிவாகக் காட்டும்.

கொட்டிய சில நிமிடங்களில் தோன்றி ஓரிரு நாளில் வடிவது நஞ்சின் நேரடி விளைவு. ஆனால் 10 செ.மீ.க்கு மேல் பரவி, 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, வலியைவிட அரிப்பு மிகுந்திருக்குமானால், அது பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும் ஒவ்வாமை எதிர்வினைதான். முழுதும் வடிய 5 முதல் 10 நாள் ஆகலாம். சிவப்பும் சூடும் இதிலும் இருப்பதால், தேவையின்றி ஆன்டிபயாடிக் தரப்படுவது அடிக்கடி நடக்கிறது.

கிருமித் தொற்று பொதுவாகச் சில நாள் கழித்தே தலைகாட்டும். வடியத் தொடங்கிய வீக்கம் மீண்டும் பெருகுவது, வலி நாளுக்கு நாள் கூடுவது, காய்ச்சல், சீழ் ஆகியவை அதன் அறிகுறிகள். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வைத்தால், அது நகர்கிறதா என்பது ஐயமின்றித் தெரியும். மோதிரத்தை முதலில் கழற்றிவிடுங்கள்.

கொட்டாத இடங்களில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை உடல் முழுதுக்குமான ஒவ்வாமையைக் குறிப்பவை. பெரும்பாலும் முதல் ஓரிரு மணி நேரத்திலேயே தோன்றும் இவற்றுக்கு எபிநெஃப்ரின் ஊசியே முதல் மருந்து என்பதால், காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.