பழைய பைக், தொலைந்த சாவி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பழைய பைக்கை மீட்டெடுக்கும் பலர் சாவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதில்களைப் படிக்கும் முன் ஒரு வேண்டுகோள்: டிரில்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சாவி போனால் பூட்டும் போய்விட்டது என்று நினைத்து, வண்டியோடு பிறந்த பூட்டை உடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தப் பூட்டை வைத்தே சாவி செய்துவிடலாம்.

கேள்வி: எழுபதுகளில் வந்த ஹோண்டா ஒன்று வாங்கினேன் அண்ணா. சாவியே தரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எண்ணைத் தேடுவதிலிருந்து. அந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகளில் சாவிக்கு ஓர் எண் உண்டு. சிலவற்றில் முன்னால் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். சாவியில் மட்டுமல்ல, பல நேரம் பூட்டிலும் அதைப் பொறித்திருப்பார்கள். முதலில் இக்னிஷன் சுவிட்சின் முகத்தைப் பாருங்கள். இல்லையென்றால் சுவிட்சைக் கழற்றி உடம்பைச் சுற்றிலும் பாருங்கள். அப்புறம் ஹெல்மெட் பூட்டு, சீட் பூட்டு. பல மாடல்களில் எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான், ஆகவே எங்கே கிடைத்தாலும் லாபம். அழுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். துடைத்த பிறகு சாக்பீஸைத் தேய்த்தால் பள்ளத்தில் மாவு தங்கி எண் தெரியும்.

எண் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அந்த எண்ணை வைத்தே சாவி வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். பழைய ஹோண்டா வரிசைகளுக்கு வெட்டிய சாவிகளையே எண் வாரியாக விற்கிறார்கள்.

கேள்வி: சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சாவி எண்ணைச் சொல்லாதா?

பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு அது நடக்காது. முதல் உரிமையாளரின் கையேடு, வாங்கியபோது கொடுத்த ரசீது, சாவியோடு வந்த சிறு தகடு, இவற்றில் யாராவது குறித்து வைத்திருக்கலாம். வண்டியை விற்றவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லா இடத்திலும் தேடிவிட்டேன், எண்ணே இல்லை. இனி பூட்டை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே நம்பிக்கை வரும். பைக் பூட்டுகளில் பெரும்பாலானவை தகட்டுப் பூட்டுகள். உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சன்னல், பக்கத்தில் குட்டி ஸ்பிரிங். சரியான சாவி நுழையும்போது எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்புக்குள் அடங்கும், உருளை சுழலும். தகடுகளில் சில உயரங்கள்தான் உண்டு. பல பூட்டுகளில் தகட்டின் மேலேயே 1, 2, 3 என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்தால் சாவியின் வெட்டு முழுவதும் கையில் வந்துவிடும்.

சுவிட்சைக் கழற்றி, வண்டியின் ஆவணங்களோடு நல்ல சாவி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவர் ஆவணம் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்பவர்தான் சரியான ஆள். அவர் பூட்டைப் பிரித்துத் தகடுகளைப் படிப்பார். இல்லையென்றால் வெட்டாத சாவியை உள்ளே விட்டு அழுத்தித் திருப்பி, தகடு கடித்த தடத்தைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவுவார். இதற்குப் பித்தளைச் சாவி நல்லது. எஃகில் தடம் சரியாக விழாது.

நீங்களே பிரிப்பதென்றால், உள்ளே தெரியும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுப் பிரியுங்கள். அந்த ஸ்பிரிங் ஒன்று தெறித்தால் தேடிக் கிடைக்காது. தகடுகளை வந்த வரிசையிலேயே டேப்பில் ஒட்டி, படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஒரு சாவி இருக்கிறது சார். அதைப் பார்த்து வெட்டிய டூப்ளிகேட் சுற்றவே மாட்டேன் என்கிறது. பழையது மட்டும் ஆட்டி ஆட்டித் திருப்பினால் வேலை செய்கிறது.

தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகிறது. இயந்திரத்தின் சிறு பிழையும் கூடும். பழைய சாவியில் எண் இருந்தால் அதை வைத்து வெட்டச் சொல்லுங்கள். எண் அழிந்திருந்தால், ஒவ்வொரு வெட்டையும் வேர்னியரில் (நுணுக்கமாக அளக்கும் கருவி) அளந்து, தகடுகளுக்கான நிலையான உயரங்களில் அடுத்து மேலே உள்ளதற்கு உயர்த்தி வெட்டச் சொல்லுங்கள். பழையதை ஒரு பிரதிக்கு மேல் எடுக்கப் பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் மூடி பூட்டிக் கிடக்கிறது. டிரில் போடலாமா?

வண்டியில் வைத்துக்கொண்டு ஒருபோதும் கூடாது. காலி டேங்க் என்று நினைத்து ஏமாறாதீர்கள். நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் நிற்கும் டேங்க்தான் சட்டென்று வெடிக்கும். முதலில் பெட்ரோல் குழாய் வழியாக வடித்துவிட்டு, டேங்கைக் கழற்றித் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் டிரில் கடைசி வழிதான். மூடிப் பூட்டும் அதே தகட்டு வகைதான், சாவி மெக்கானிக் பொறி பறக்காமல் திறந்துவிடுவார். திறந்த பிறகு அந்த மூடியிலிருந்தே இக்னிஷன் சாவிக்கும் வழி கிடைக்கலாம்.

கேள்வி: ஹேண்டில் பூட்டிய நிலையில் வண்டி கிடைத்தது. ஓங்கி ஒரு திருப்பு திருப்பினால் உடையும் என்கிறார்களே?

உடையும். எது உடையும் என்பதுதான் கேள்வி. பூட்டின் கம்பி தாங்கிக்கொண்டால் ஃபிரேமில் அந்தக் கம்பி நுழையும் காது வளையும் அல்லது விரியும், அதைச் சரிசெய்வது சாவி செய்வதைவிடப் பல மடங்கு வேலை. பல பழைய வண்டிகளில் ஹேண்டில் பூட்டு தனியாகக் கழுத்தில் இருக்கும், மேலே ஒரு மூடித்தகடு, அதைப் பிடித்து ஒரு சிறு ரிவெட்டோ திருகோ. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அதன் பிறகும் வராமல், சாவி மெக்கானிக்கும் கைவிட்டால், அப்போது டிரில் எடுங்கள். 2 மி.மீ. முனையில் தொடங்கி, உருளையின் நடுவில், மெதுவாக. ஃபிரேமைத் தொடக் கூடாது.

கேள்வி: பி.எம்.டபிள்யூ. ஆர்75/5 வாங்கினேன். இதற்கும் எண் தேட வேண்டுமா?

வேண்டாம்! 1969 முதல் 1973 வரை வந்த /5 வரிசையில் இக்னிஷன் சாவி ஆணி மாதிரி ஒரு குச்சிதான், வெட்டே கிடையாது. எல்லா வண்டிக்கும் ஒன்றே. புதிதாகச் செய்தது எளிதாகக் கிடைக்கும். பழைய ஜாவா வைத்திருப்பவர்களுக்கும் இதே நிம்மதி உண்டு. ஆனால் சாவி பாதுகாப்பு தராது என்பதால் ஹேண்டில் பூட்டைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேறு சாவி.

கேள்வி: பொறுமையில்லாமல் பொதுவான சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டினேன். ஆன் செய்தால் ஸ்பார்க் வரவில்லை, ஆஃப் செய்தால் வருகிறது.

சுவிட்ச் வகை மாறிவிட்டது. பேட்டரியில் ஓடும் இக்னிஷனில், ஆன் செய்யும்போது சுவிட்ச் மின்சாரத்தை ஸ்பார்க்குக்கான காயிலுக்கு இணைக்கும். மேக்னெட்டோவிலும் (இன்ஜின் சுழலும்போதே ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கருவி), இன்ஜினிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சி.டி.ஐ.யிலும் (ஸ்பார்க்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) தலைகீழ்: ஆஃப் செய்யும்போது நிறுத்தும் ஒயரைச் சுவிட்ச் எர்த்தில் சேர்க்கும், ஆன் செய்தால் விடுவிக்கும். உங்களுடையது இந்த இரண்டாம் வகை வண்டி, மாட்டியது முதல் வகைச் சுவிட்ச். உடனே கழற்றுங்கள். நிறுத்தும் ஒயரில் பேட்டரி மின்சாரம் ஏறினால் சி.டி.ஐ. எரிந்துவிடும். வாங்கும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு நிலையிலும் எந்த ஒயர் எதோடு சேர்கிறது என்று பழைய சுவிட்சில் அளந்து எழுதிக்கொண்டு, புதியதோடு ஒப்பிடுங்கள். துளைகளின் இடைவெளியையும் பாருங்கள். பழைய சுவிட்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சாவி செய்து திரும்ப மாட்டலாம்.

கேள்வி: 2000-க்குப் பிறகு வந்த யமஹா. சிவப்புச் சாவி தொலைந்தது, கறுப்புச் சாவி இருக்கிறது.

கறுப்பில் வண்டி ஓடும். புதிய சாவியின் சிப்பைப் பதிவு செய்யத்தான் சிவப்பு வேண்டும். கறுப்பும் போவதற்குள் இம்மொபிலைசர் (சாவியின் சிப்பை அடையாளம் கண்டால்தான் வண்டியை ஓடவிடும் அமைப்பு) வேலை தெரிந்தவரைப் பாருங்கள்.

கேள்வி: புதுச் சாவி செய்தாயிற்று. பூட்டு இன்னும் கரகரவென்று இருக்கிறது, எண்ணெய் விடலாமா?

எஞ்சின் ஆயில் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்இணைப்புச் சுத்தப்படுத்தும் ஸ்ப்ரேயால் கழுவிக் காயவிட்டு, உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே கொஞ்சம் விடுங்கள். கிராஃபைட் தூள் சீட் பூட்டுக்கும் ஹேண்டில் பூட்டுக்கும் அருமை, ஆனால் அதில் மின்சாரம் பாயும் என்பதால் இக்னிஷனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சாவியைப் பத்து இருபது முறை விட்டு எடுங்கள், ஒவ்வொரு முறையும் துணியில் துடையுங்கள், கறுப்பு வருவது நிற்கும் வரை. அப்புறம் புதுச் சாவியின் எண்ணை வண்டி ஆவணங்களோடு எழுதி வைத்துவிடுங்கள்.