மூச்சுச் சத்தம் கேட்டால் போதுமா?

கேள்வி: பாடகர் மூச்சிழுப்பது, கிட்டார் கம்பியில் விரல் உரசுவது வரை துல்லியமாகக் கேட்கும் ஸ்பீக்கர் என்னிடம் இருக்கிறது. நண்பரோ பழைய பிபிசி டிசைன் எல்எஸ்3/5ஏ பெட்டியை வைத்துக்கொண்டு, 'இதுதான் இயல்பான ஒலி' என்கிறார். குறைவாகக் கேட்பதற்குப் பெயர் ரசனையா?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் எதிரே உட்கார்ந்து ஒருவர் பாடினால், அவர் மூச்சிழுப்பதையா கவனிப்பீர்கள்?

மனிதக் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையுள்ள ஒலிகளில் கூர்மை அதிகம். அந்தப் பகுதியையும் அதற்கு மேலுள்ள ட்ரெபிளையும் (கீச்சொலிப் பகுதி) இரண்டு மூன்று டெசிபல் தூக்கிவிட்டால், 'அடடா, இதுவரை கேட்காததெல்லாம் கேட்கிறதே' என்று தோன்றும். கடையில் பத்து நிமிடம் கேட்பவர் மயங்குவது இதில்தான். ரெக்கார்டிங்கில் புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை. வரிக்கு வரி அடிக்கோடிட்ட புத்தகம் மாதிரிதான். வீட்டில் ஒரு மணி நேரம் ஓடியதும் 'ஸ'வும் 'ஷ'வும் காதைக் குத்தும்; கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகும். நிஜமாகவே நுணுக்கமான ஸ்பீக்கர்களும் உண்டு. அவற்றைக் கேட்கும்போது நுணுக்கம் என்ற நினைப்பே வராது, பாட்டுதான் கேட்கும்.

யமஹாவின் என்எஸ்-10 கதை தெரியுமா? 1978-இல் வீட்டுக்கென்றே வந்த ஸ்பீக்கர் அது. வீடுகளில் எடுபடவில்லை. குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் மிக்ஸிங்கில் உள்ள கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஸ்டுடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிலேயே பலர் காது தாங்காமல் ட்ரெபிளைத் தரும் சின்ன ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிவைத்தார்கள்! அப்புறம் யமஹாவே ட்ரெபிளைத் தணித்து ஒரு ஸ்டுடியோ மாடலை வெளியிட்டது. பிழை தேடுவது அவர்கள் தொழில். உங்களுக்கு என்ன தலையெழுத்து?

நண்பரின் பெட்டி 1970-களில் பிபிசி பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கியது. ஸ்டுடியோவில் ஒருவர் பேசுவதை நேரில் கேட்டு, அடுத்த அறைக்குப் போய் அதே குரலை ஸ்பீக்கரில் கேட்டு ஒப்பிடுவது அங்கே பழைய வழக்கம். குரலில் ஏமாற்றுவது கடினம். பிறந்தது முதல் கேட்டு வருகிறோமே. அதற்காக நண்பர் ரொம்பவும் நிமிர வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டியில் அடி பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த கனத்த ஒலி, கிடையாது. அந்தக் குறை தெரியாமலிருக்க, 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே கொஞ்சம் தூக்கல் இருக்கிறது. சத்தமும் அதிகம் தாங்காது.

இதெல்லாம் பழைய பொருள் மீதுள்ள பாசம் என்று ஒதுக்கவும் முடியாது. 1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் என்ற ஒலி ஆராய்ச்சியாளர் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பலரைக் கேட்கச் சொன்னார். எதையும் தூக்காமல் சமமாக ஒலித்து, பக்கவாட்டிலும் அதே சீரோடு ஒலியைப் பரப்பும் ஸ்பீக்கர்களைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். இரண்டையும் திரை போட்டு மறைத்து, சத்தத்தைச் சமமாக வையுங்கள் (சற்று உரக்கப் பாடுவதுதான் எப்போதும் ஜெயிக்கும்). உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒருவர் பேசியதைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். உங்கள் ஸ்பீக்கர் ஜெயித்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். நண்பரும் கையெழுத்துப் போட வேண்டும்.