சென்னையில் குழந்தைகள் இல்லம் நடத்துகிறோம். 'அக்ரிடிட்டேஷன்' வாங்குவது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: பெரம்பூரில் வாடகைக் கட்டடம், முப்பது பெண் பிள்ளைகள். நன்கொடை தரவிருக்கும் கம்பெனி மார்ச்சுக்குள் 'அக்ரிடிட்டேஷன்', அதாவது தரத்துக்கான அங்கீகாரம், கேட்கிறது. கையில் ஹாஸ்டல் லைசென்ஸ் இருக்கிறது, அது போதாதா?

போதாது. ஹாஸ்டல் லைசென்ஸ் 2014-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு விடுதிகள் சட்டத்தின் கீழ் வருவது. பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைத் தங்கவைத்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 41-ஆம் பிரிவின்படி தனியாகப் பதிவு வேண்டும். இல்லாமல் நடத்தினால் 42-ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். மனுப் போடத் தாமதிக்கும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பதிவு இல்லாத இல்லத்துக்கு எந்த அங்கீகாரமும் பேச்சுக்கே வராது, அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

பதிவு மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போகும். 2021 திருத்தத்துக்குப் பிறகு கலெக்டரின் பரிந்துரையும் பார்க்கப்படும். மனுவோடு டிரஸ்ட் பத்திரம், விதிமுறைகள், நிர்வாகிகள் பட்டியல், மூன்று வருட பேலன்ஸ் ஷீட், குழந்தைக் கொடுமையிலோ குழந்தைத் தொழிலாளர் வழக்கிலோ சிக்கியதில்லை என்ற உறுதிமொழி எல்லாம் சேர வேண்டும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றில் கட்டட உறுதியை முதலில் வாங்கிவிடுங்கள், மற்ற அலுவலகங்களில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மனுக் கொடுத்த அன்றே தேதியோடு சீல் வைத்த ரசீது கையில் இருக்கட்டும். ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு வராவிட்டால் அந்த ரசீதே ஆறு மாதம் வரை தற்காலிகப் பதிவாகக் கொள்ளப்படும் என்று சட்டமே சொல்கிறது. முழுப் பதிவு ஐந்து வருடத்துக்கு.

பெரும்பாலும் அடி விழுவது இடத்தில்தான். 2016 மத்திய மாதிரி விதிகளின் கணக்கில் படுக்கும் இடம் பிள்ளைக்கு 40 சதுர அடி. டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். 12-க்கு 15 அறை என்றால் 180 சதுர அடி, நாலு பேர். அப்படி மூன்று அறை இருந்தால் பன்னிரண்டு. 20-க்கு 24 ஹால் 480 சதுர அடி, அதில் பன்னிரண்டு. ஆக 24. முப்பது பேர் இருக்கிறார்கள் என்று எழுதினால் ஆய்வுக்கு வருபவர் ஆறு பேரை எங்கே படுக்கவைக்கிறீர்கள் என்றுதான் கேட்பார். மொட்டைமாடித் தகரக் கொட்டகையைக் காட்டாதீர்கள். ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை, அதாவது முப்பது பேருக்கு ஐந்தும் மூன்றும். ஐம்பது பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு விதி காட்டும் மொத்தப் பரப்பு 8,495 சதுர அடி. பெரம்பூர் வாடகைக்கு அது எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அங்கீகாரம். இந்தியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கிரெடிபிலிட்டி அலையன்ஸ் தருவது தொண்டு நிறுவனங்களுக்குப் பொதுவான அங்கீகாரம். நிர்வாகக் குழுவில் குறைந்தது ஐந்து பேர், அதில் சம்பளம் வாங்குபவர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, வருடத்துக்கு இரண்டு கூட்டமாவது, ஒவ்வொன்றுக்கும் மினிட்ஸ் என்று போகும் அது. கணவர் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர் என்று ஓடும் டிரஸ்ட் முதலில் தன் குழுவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். குழந்தை நல வேலையையே அளக்கும் முறைக்கு அமெரிக்காவின் சி.ஓ.ஏ. (கவுன்சில் ஆன் அக்ரிடிட்டேஷன்) நல்ல மாதிரி. 1977-இல் தொடங்கியது. முதலில் நிறுவனமே தன்னைத் தானே மதிப்பிட்டு ஆதாரங்களோடு எழுத வேண்டும், பிறகு இதே துறையில் வேலை செய்பவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பு: 1, 2 தேறும், 3, 4 திருத்த வேண்டும். அங்கீகாரம் நான்கு வருடத்துக்கு. அங்கே விண்ணப்பிக்கச் சொல்லவில்லை. அந்த நாலு எண்ணையும் ஒரு நோட்டில் போட்டு உங்கள் இல்லத்தை நீங்களே பாருங்கள் என்கிறேன்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் ஃபைலை எடுங்கள். எந்த அங்கீகாரக் குழு வந்தாலும் கைக்கு வந்த ஐந்து ஃபைலை உருவும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம், அதாவது அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை, என்ன செய்யப்போகிறோம் என்ற எழுத்து, வேண்டும். அதன் முன்னேற்ற அறிக்கை முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஆறு மாதத்து அறிக்கைகள் ஒரே நீலப் பேனாவில், ஒரே அழுத்தத்தில், 'நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்' என்று இருந்தால் முந்தின ராத்திரி எழுதியது என்று யாருக்கும் தெரியும். மருந்துப் பதிவேட்டில் காய்ச்சலுக்குச் சிரப் கொடுத்த தேதியில் அறிக்கை 'உடல்நலம் சீர்' என்றால் இரண்டில் ஒன்று பொய். 'காகிதம் முக்கியமா, பிள்ளை முக்கியமா' என்று கேட்க ஒருவர் கிளம்பி வருவார். கவுன்சிலர் மாறி புதியவர் வரும்போது அந்தப் பிள்ளை தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லாமல் இருப்பது அந்தக் காகிதத்தால்தான்.

ஆலோசனைப் பெட்டியும் அப்படித்தான். பிள்ளைகள் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில், ஆபீஸிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். சாவி விதிப்படி இல்லத்துக்கென அமையும் மேலாண்மைக் குழுவின் (டிரஸ்ட் குழு அல்ல) தலைவரிடம், வாரம் ஒருமுறை திறக்க வேண்டும். பல இடங்களில் அது கண்காணிப்பாளர் அறைக் கதவுப் பக்கத்தில் தொங்கும், சாவி அவர் மேஜை டிராயரில் இருக்கும். அவரைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை அதில் போடும்? ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையில் கையெழுத்து இரண்டும் சமையல்காரம்மா, வாட்ச்மேன், வேன் டிரைவர் வரை இருக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் கேட்கும் இதே கம்பெனிக்காரர்கள்தான் பிறந்தநாள் கேக்கோடு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்து அன்று மாலையே இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். 74-ஆம் பிரிவின்படி பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நன்கொடை போய்விடும் என்று இல்லங்களும் வாயை மூடிக்கொள்கின்றன. வாசலில் ஒரு கூடை வையுங்கள், போன்கள் அதில் கிடக்கட்டும்.

ஒரு ரூபாய் கட்டணம் கட்டும் முன் அந்த கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) அதிகாரிக்குப் போன் செய்து எந்தச் சான்றிதழ் என்று கேளுங்கள். பலர் மனதில் வைத்திருப்பது 12ஏ (டிரஸ்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை), சி.எஸ்.ஆர்.-1 (அந்த நிதி வாங்கப் பதிவு) எண் மட்டுமே. உண்மையான அங்கீகாரம்தான் வேண்டும் என்றால், பதிவுக்கு ஆகும் நாள், பிறகு ஆறு மாதத்து நேர்மையான ஃபைல் என்று கணக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் கடிதத்தில் உள்ள மார்ச்சை அடுத்த மார்ச் ஆக்கித் தரச் சொல்லுங்கள்.