தேயிலை வர்த்தகர் சங்கம் நமக்கு எதற்கு? – கடிதம்

வணக்கம் அண்ணா,

கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கத்தைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் தோட்டக் கம்பனிகளும் தரகர்களும் ஏற்றுமதிக்காரர்களும்தானே? அவர்கள் கூடிப் பேசுவதால் கொழுந்து பறிக்கிற எங்களுக்கு என்ன வந்தது?

ஒரு வாசகி, பண்டாரவளை

அன்புள்ள தங்கச்சி,

அது வியாபாரிகளின் சங்கம்தான். 1894இல் தொடங்கியதே அவர்கள் வியாபாரத்துக்காகத்தான். ஆனால் மாதா மாதம் உங்கள் வீட்டுக்கு வரும் கொழுந்துக் காசைப் பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலத்தில் கிடைத்த சராசரி விலையை வைத்துத்தான் அது கணக்காகிறது: 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் பெக்டரிக்கு. ஏலம் ஒழுங்காக நடக்காவிட்டால் முதலில் அடிபடுவது உங்கள் 68 வீதம்.

கொழும்பில் முதல் ஏலம் 1883 ஜூலை 30 அன்று ஒரு தரகுக் கம்பனியின் அலுவலகத்தில் நடந்தது. இன்றும் ஏலத்துக்கு முன்னரே மாதிரித் தேயிலை வாங்குவோருக்குப் போய்விடுகிறது. சுவை பார்க்கும் அறையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். சுவைப்பவர் ஒரு கரண்டி சாயத்தைச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். பெரிய கம்பனிக்கும் சிறிய வியாபாரிக்கும் போவது அதே மாதிரித் தேயிலைதான். வாங்கிய தேயிலை மாதிரியைப் போல இல்லாவிட்டால் என்ன செய்வது, பணத்தை எத்தனை நாளில் கட்டுவது என்பதற்கெல்லாம் விதி உண்டு. ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறவர்களை அந்த விதிக்குள் நிறுத்தி வைப்பதுதான் சங்கத்தின் வேலை. அது இல்லாவிட்டால் பணபலம் உள்ளவர் நேரே பெக்டரி வாசலுக்கு வந்து தன் விலையைச் சொல்வார். பெக்டரி அதை உங்கள் தலையில் இறக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஏல மண்டபத்தை மூடினார்கள். கொழுந்து ஊரடங்கைப் பார்க்குமா? ஏழெட்டு நாள் விட்டால் முற்றிவிடும். நூறு வருடத்துக்கு மேலாக வாயால் கேட்டு வந்த ஏலத்தை அந்த ஏப்ரலிலேயே சங்கத்தார் கணினிக்கு மாற்றினார்கள். அன்றைக்கு நான் அவர்களை மனதாரப் பாராட்டினேன், இன்றைக்கும் பாராட்டுகிறேன்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மேல் உங்களைப் போன்ற சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து. ஆனால் ஏலத்தின் விதியெல்லாம் பெக்டரியில் பொதி கட்டிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் சந்தியில் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? ஒருமுறை கொழுந்து லொறி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மா வீட்டுத் தராசில் நிறுத்து 23 கிலோ என்று கொண்டுவந்த சாக்கை லொறிக்காரர்கள் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினார்கள். தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று வாயால் சொல்லிக்கொண்டே கொப்பியில் 20 என்று எழுதினார்கள். அன்று மழை இல்லை. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் வெறுஞ்சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மூன்று கிலோ, தங்கச்சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்து நின்ற உழைப்பு.

கொழும்பில் மாதிரிக்கும் சரக்குக்கும் வித்தியாசம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. சந்தித் தராசுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அதை வர்த்தகர் சங்கம் செய்யாது, அது அவர்கள் வேலையும் இல்லை. உங்கள் ஊர்ச் சிறுதோட்டக்காரர் சங்கம்தான் செய்ய வேண்டும். தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிவு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதி வைக்கலாம். நிறுத்த உடனே எடை எழுதிய துண்டு கேட்கலாம். தனியாகக் கேட்டால் அடுத்த நாள் உங்கள் கொழுந்தை ஏற்ற மாட்டார்கள். முப்பது வீட்டுக்காரர் சேர்ந்து கேட்டால் லொறி காலியாகத் திரும்பிப் போக முடியாது.

அப்பா அந்தச் சங்கத்தில் இருக்கிறாரா? கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா