கீட்டோ ஆரம்பிச்சதுல இருந்து ஒரே அசதி

அக்கா, மாவுச்சத்தக் கொறச்சு கொழுப்பக் கூட்டிச் சாப்பிடுற கீட்டோ டயட் ஆரம்பிச்சு அஞ்சு நாளாச்சு. சோறு, இட்லி, பரோட்டா எல்லாம் விட்டாச்சு. மாடிப்படி ஏறுனா கால் வெலவெலங்குது, தலைவலி வேற. விட்டுரவா?
- வாசகி, திருமங்கலம்

அவசரப்படாதீங்க. இது பெரும்பாலும் உப்பு கொறையிற சோர்வுதான். மாவுச்சத்த நிறுத்துனா இன்சுலின் இறங்கிரும், அது இறங்குனா கிட்னி உப்பையும் தண்ணியையும் சேத்து வெளிய தள்ளிரும், போதாததுக்கு உடம்புல சேத்து வச்சிருக்குற சர்க்கரையான கிளைக்கோஜன் கரையும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணி கூடவே போயிரும், மொத வாரத்துலயே வெயிட் கொறஞ்சிருச்சுன்னு குதிக்கிறோமே, அதுல பாதிக்கு மேல இந்தத் தண்ணிதான்.

வெறும் தண்ணியக் குடிச்சு புண்ணியமில்ல. சாயங்காலம் ஒரு டம்ளர் ஆட்டுக்கால் சூப், மிளகு தூக்கலா, உப்பு ஒரு கல்லு கூடப் போட்டு சூடா குடிங்க, சைவம்னா எலுமிச்சம்பழத் தண்ணில உப்பு, சீனி கூடாது. எண்ணெய், நெய்க்குப் பயந்து சாப்பாட்டையும் கொறச்சிருந்தீங்கன்னா அசதி போகவே போகாது. நம்மூரு வெயில்ல ஒரு ஜிகர்தண்டா அடிச்சா தெம்பு வரும்தான், ஆனா கீட்டோ அன்னைக்கோட முடிஞ்சது!

வழக்கமா ஒண்ணு ரெண்டு வாரத்துல தெளிஞ்சிரும். பிரஷர், சுகர் மாத்திரை போடுறவங்களா, கிட்னி பிரச்சனை இருக்கா? அப்படின்னா உப்பக் கூட்டுறதுக்கு முன்னாடியே டாக்டரப் பாத்துருங்க, மாத்திரை அளவ மாத்த வேண்டியிருக்கும். மயக்கம், படபடப்பு, வாந்தின்னு வந்தா இன்னைக்கே போங்க.